நசுங்கிய ஓலைத் தொப்பியை நிமிர்த்துவது எப்படி?



"ஆண்டு மலருக்கு உன் பங்குக்கு ஒரு கட்டுரை குடுடா" என்று பேரவைச் செயலாளர் அண்ணன் கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. எனக்குக் கவிதை வராது. சிமெண்ட், கான்கிரீட் என்று எழுதினால் நம்ம டிபார்ட்மெண்ட் சார் ஒருவர்தான் படிப்பார். அதனால் நானே செய்து, நானே கெடுத்து, பிறகு அப்பா துணையோடு சரிசெய்த ஒரு வேலையைப் பற்றி எழுதுகிறேன். அது ஓர் ஓலைத் தொப்பி. "இதுக்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்காதீர்கள். நாம் முதலாண்டில் படித்த பொறியியல் வரைபடம், அப்ளைடு சயின்ஸ், கணக்கு மூன்றும் இந்த ஒரு தொப்பிக்குள் இருக்கின்றன.

தொப்பி வந்த வழி

போன ஐ.வி.யின்போது தூத்துக்குடி துறைமுகம் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மணப்பாடு ஊரில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அந்த ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை, தொப்பி எல்லாம் முடைகிறார்கள். குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சிலவற்றுக்குச் சாயம் ஏற்றி முடைவது அவர்கள் கைவேலை. பனை நம் மாநில மரம் என்பது எல்லோருக்கும் தெரியும். 1978-ஆம் ஆண்டு அப்படி அறிவிக்கப்பட்டது. நான் இயற்கை நிற ஓலையில் ஒரு ரோஸ் பட்டை ஓடும் தொப்பி ஒன்றை வாங்கினேன். எனக்காக அல்ல, அப்பாவுக்காக.

என் அப்பா நெசவாளி. சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு, தாத்தாவின் தறியில் கோர்வை போட உட்கார்ந்தவர். கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கிப் போட ஒரு கை வேண்டும். அந்தக் கை எங்கள் அப்பாவுடையது. 2020 கொரோனாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுத் தறி நின்றுபோனது. 2019-இல் அத்திவரதர் வைபவத்தின்போது, வெளியூர் வண்டிகளுக்கு டோக்கன் கிழிக்கும் வேலைக்கு அப்பா சில நாள் போயிருந்தார். அந்தப் பழக்கத்தில் இப்போது ஒரு தனியார் வண்டி நிறுத்துமிடத்தில் நிரந்தரமாக நிற்கிறார். முப்பது வருஷம் நிழலில், குழித்தறியில் உட்கார்ந்த மனுஷன், இப்போது காலை எட்டிலிருந்து மாலை ஐந்துவரை வெயிலில் நிற்கிறார். போன சித்திரையில் ஒரு நாள் மதியம் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். தலையில் ஒரு துண்டு மட்டும்தான். தொப்பி வாங்கத் தோன்றியது அதனால்தான்.

ஆனால் திரும்பும் வழியில், பஸ் மேல்தட்டில் யாரோ ஒரு நண்பன் (பெயர் வேண்டாம், இந்த மலரை அவனும் படிப்பான்!) தன் பெரிய பையைத் தொப்பிமேல் வைத்துவிட்டான். காஞ்சிபுரத்தில் இறங்கும்போது தொப்பி அப்பளம்போல் தட்டையாகி இருந்தது.

முதலில் நான் செய்த தவறு

தண்ணீரில் ஊறவைத்தால் இளகும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் முக்கினேன். கையால் குத்துமதிப்பாக நிமிர்த்தி, மொட்டைமாடியில் நல்ல வெயிலில் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் விளிம்பு ஒருபக்கம் மேலேயும் ஒருபக்கம் கீழேயும் முறுக்கிக்கொண்டு நின்றது. உச்சி மடியும் இடத்தில் இரண்டு விரிசல். ரோஸ் சாயம் கசிந்து பக்கத்து ஓலையெல்லாம் திட்டுத்திட்டாக ஆகிவிட்டது.

இரவு வேலை முடிந்து வந்த அப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. "பாவை இப்பிடித்தான் காயவைப்பாங்களா? பிடிமானம் இல்லாம எதையும் வெயில்ல காயவைக்கக் கூடாதுடா" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் இந்தக் கட்டுரையின் சாரம். தெருவில் பாவு தோய்வதை நம் ஊரில் எல்லோரும் விடியற்காலையில் பார்த்திருப்போம். பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தெளித்து, கோதி, வெயிலில் காயவிடுவார்கள். அங்கே வெயில் கெடுதல் செய்யாது. ஏனென்றால் பாவின் இரண்டு முனையும் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். காயும்போது அது சுருங்கி முறுக்க வழியே இல்லை. என் தொப்பிக்கு எந்தப் பிடிமானமும் இல்லை. வெயில் பட்ட பக்கம் முதலில் காய்ந்து சுருங்கியது, மறுபக்கம் ஈரமாகவே இருந்தது. அதனால் முறுக்கிக்கொண்டது. புதுக் கான்கிரீட்டில் மேல்பரப்பு மட்டும் வேகமாகக் காய்ந்தால் வெடிப்பு விழும் என்று நாம் படித்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓலை ஏன் இளகுகிறது?

பனை ஓலை, வைக்கோல், கோரை, மரம் எல்லாவற்றுக்கும் உள்ளே அடிப்படை ஒன்றுதான். செல்லுலோஸ் என்ற நீண்ட இழைகள், அவற்றைச் சுற்றிப் பிணைக்கும் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற பொருட்கள். கம்பியும் கான்கிரீட்டும் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் உள்ளே புகுந்தால் இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்பு தளரும். ஈரத்தோடு சூடும் சேர்ந்தால், 100 டிகிரி செல்சியஸை ஒட்டி லிக்னின் இளகிக் கொடுக்கும். அந்த நேரத்தில் வளைத்து, அதே வளைவில் பிடித்து, ஆறவும் உலரவும் விட்டால் புது வடிவம் அப்படியே நின்றுவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஐரோப்பாவில் மிக்கேல் தோனெட் என்பவர் பீச் மரக் குச்சிகளை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்துக் காயவைத்து நாற்காலி செய்தார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி உலகப் புகழ் பெற்றது. 'பனாமா தொப்பி' என்பதும் இதே முறையில் அச்சில் வைத்து வடிவம் கொடுக்கப்படுவதுதான். பெயர்தான் பனாமா, பிறந்த ஊர் தென் அமெரிக்காவில் உள்ள ஈக்வடார். அங்கே டொக்கியா என்ற செடியின் இழையில் முடைகிறார்கள். அந்த முடைதல் கலையை 2012-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆக நமக்குத் தேவையானவை நான்கு: ஈரம், சூடு, அச்சு, பொறுமை. முதல் இரண்டும் ஓலையை இளக்கும். பின் இரண்டும் அதை நிறுத்தும். நான் முதல் தடவை பின் இரண்டையும் விட்டுவிட்டேன்.

படி 1: தொப்பி எதனால் ஆனது என்று பாருங்கள்

கடையில் 'வைக்கோல் தொப்பி' என்று விற்பதெல்லாம் வைக்கோல் அல்ல. பல காகிதத்தால் முறுக்கியவை, சில பிளாஸ்டிக். உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சிறு இழையைக் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, வெட்டவெளியில் தீக்குச்சியால் கொளுத்திப் பாருங்கள். உருகி மணிபோல் உருண்டால் பிளாஸ்டிக். அதற்கு ஆவி காட்டக் கூடாது. காய்ந்த இலை எரிகிற வாசனையோடு சாம்பலானால் ஓலையாகவோ காகிதமாகவோ இருக்கும். அந்த இழையின் இன்னொரு துண்டைத் தண்ணீரில் போட்டுக் கசக்குங்கள். கூழாகப் பிரிந்தால் காகிதம். அதை ஒருபோதும் ஊறவைக்காதீர்கள், லேசான ஆவி மட்டும் போதும்.

சாயம் போட்ட தொப்பி என்றால், ஈரமான வெள்ளைத் துணியை உள்பக்கம் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். துணியில் நிறம் இறங்கினால் முக்கவே கூடாது. இதை நான் முதலிலேயே செய்திருந்தால் அந்த ரோஸ் திட்டு வந்திருக்காது.

படி 2: தலையை அளங்கள்

அப்பாவின் தலைச் சுற்றளவை நூலால் அளந்தேன். நெற்றியில் புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டு, காதுக்கு மேலாகச் சுற்றினால் 56 செ.மீ. உடனே 'வட்டம்தானே' என்று 22/7-ஆல் வகுத்து, 17.8 செ.மீ. விட்டமுள்ள பாத்திரம் தேடக் கிளம்பினேன். இது இரண்டாவது தவறு!

தலை வட்டம் இல்லை, நீள்வட்டம். வெர்னியர் வைத்தா தலையை அளக்க முடியும்? இரண்டு செட்ஸ்கொயரை எதிரெதிராக வைத்து அளந்தேன். முன்னிருந்து பின் 19.5 செ.மீ., பக்கவாட்டில் 16 செ.மீ. இப்போது கணக்கைச் சரிபாருங்கள். பாதி நீளம் 9.75, பாதி அகலம் 8. இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டி, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 8.92. அதை 2 மடங்கு 22/7-ஆல் பெருக்கினால் 56 வந்துவிடுகிறது. ஒரே சுற்றளவுதான், ஆனால் வட்டமாகச் செய்த தொப்பி நெற்றியில் அழுத்தும், காதோரம் தொளதொளக்கும். "தொப்பி போட்டா தலைவலிக்குது" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 3: அச்சு தயார் செய்யுங்கள்

தொப்பிக் கடைக்காரர்களிடம் மர அச்சு இருக்கும். நமக்கு அடுப்பங்கரையே போதும். எங்கள் வீட்டில் 16 செ.மீ. அகலமுள்ள எவர்சில்வர் குண்டான் ஒன்று இருந்தது. அதைக் கவிழ்த்து, முன்னும் பின்னும் மடித்த துண்டை 1.75 செ.மீ. கனத்துக்கு வைத்துக் கட்டினேன். 16-உடன் இரண்டு 1.75 சேர்ந்தால் 19.5. மேலே பழைய வேட்டித் துணியை ஒரு சுற்று இறுக்கிச் சுற்றி மேடுபள்ளத்தைச் சமப்படுத்தி, மறுபடி நூலால் சுற்றளவைப் பார்த்தேன். உள்ளே வியர்வைப் பட்டை தைக்கப்போவதால் 57 செ.மீ. இருக்குமாறு வைத்தேன். கடைசியாக அச்சின்மேல் மெல்லிய பாலித்தீன் உறை ஒன்றைப் போட்டேன். கஞ்சி பூசும்போது தொப்பி துணியோடு ஒட்டாமல் இருக்க அது வேண்டும்.

படி 4: ஈரமும் ஆவியும்

இந்தத் தடவை வாளி இல்லை. நன்றாகப் பிழிந்த ஈரத்துணியில் தொப்பியை ஒரு மணி நேரம் சுற்றி வைத்தேன். ஓலை ஈரத்தை நிதானமாக வாங்கிக்கொள்ளும், சாயமும் அதிகம் கசியாது. பிறகு இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, வரும் ஆவியில் ஒரு சாண் உயரத்தில் தொப்பியைப் பிடித்து, நசுங்கிய இடத்தை அரை நிமிடம் காட்டினேன். ஆவி கையைச் சுட்டால் கொப்புளம் போடும். கனமான துணியால் பிடியுங்கள், முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோகாதீர்கள். ஓலையை விரலால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். 'மொறுக்' என்றால் இன்னும் ஆவி வேண்டும். தோல்வார் மாதிரி வளைந்தால் தயார்.

உடனே அச்சில் மாட்டி, உச்சியிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையால் கீழ்நோக்கித் தடவிக்கொண்டே வரவேண்டும். உச்சி சரியான பிறகு பக்கச் சுவர், கடைசியில்தான் விளிம்பு. அவசரப்பட்டு விளிம்பைப் பிடித்து இழுத்தால் உச்சியில் உள்ள முடைச்சல் விலகிவிடும். பக்கச் சுவரும் விளிம்பும் சேரும் இடத்தில் பருத்திக் கயிற்றால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். அந்தக் கயிறுதான் நம் 'பிடிமானம்'. விளிம்பைப் பலகையில் படியவைத்து, சுற்றிலும் துணிக் கிளிப்பும் சிறு சிறு கனமும் வையுங்கள். நான் வைத்தது நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் புத்தகத்தை. அந்தப் புத்தகம் எனக்கு முதல்முறையாக முழுப் பயன் தந்தது அன்றுதான்!

நிழலில், காற்றோட்டமான இடத்தில், ஒரு இரவும் ஒரு பகலும் அப்படியே விட்டுவிடுங்கள். நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது. ஆசையாக இருக்கும், ஆனால் கூடாது.

படி 5: கஞ்சி

வடிவம் வந்துவிட்டது. ஆனால் நைந்துபோன ஓலைக்கு விறைப்பு இல்லை. இங்கேதான் எங்கள் ஆயா உள்ளே வந்தார். "பாவுக்குப் போடுற கஞ்சிய இதுக்குப் போட்டா ஆவாதா?" என்று கேட்டார். ஆகும் என்று பிறகு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அரிசி மாவுச்சத்து சூடான நீரில் உப்பிக் குழைந்து, காயும்போது மெல்லிய படலமாகி இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடிக்கும். பட்டு நூலுக்கு அது வலுவும் வழவழப்பும் தருகிறது, ஓலைக்கு விறைப்பு தருகிறது.

அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி விழாமல் காய்ச்சி, துணியில் வடிகட்டுங்கள். பால் போல் நீர்த்திருந்தால் போதும். ஆறியதும் பிரஷ்ஷால் லேசாகப் பூசிக் காயவிட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. தொப்பி அச்சிலேயே இருக்கவேண்டும். ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் வெள்ளை பூத்ததுபோல் தெரியும், வளைத்தால் உதிரும். கஞ்சியில் இரண்டு குறை உண்டு. மழையிலும் வியர்வையிலும் கரையும். ஈரம் தங்கினால் பூஞ்சையும் கரப்பானும் வரும். ஆகவே நன்றாக உலர்ந்த பிறகே எடுத்து வைக்கவும். மழையில் போடுபவர்கள், தச்சர்கள் மரத்துக்குப் பூசும் அரக்கு பாலிஷை உள்பக்கம் ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுக்கலாம். தொப்பித் தொழிலிலும் அரக்கு பழைய வழக்கம்தான். ஆனால் அரக்கு கரைக்கும் ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது.

படி 6: விளிம்பை எவ்வளவு வெட்டலாம்?

என் முதல் முயற்சியில் விளிம்போரம் கொஞ்சம் பிய்ந்திருந்தது. விளிம்பின் அகலம் 9 செ.மீ. "ஸ்டைலா இருக்கும்" என்று 5 செ.மீ.-க்கு வெட்டிவிட நினைத்தேன். கத்தரிக்கோலை எடுப்பதற்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காஞ்சிபுரத்தில் ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கம்பத்தின் நிழல் காலடியிலேயே விழும். அந்தச் சித்திரை நாட்களில் காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் சூரியனின் ஏற்றக் கோணம் ஏறத்தாழ 60 டிகிரி. தியோடலைட் பிடித்தவர்களுக்கு இது புரியும். விளிம்பின் அகலத்தை டேன் 60, அதாவது 1.732-ஆல் பெருக்கினால் முகத்தில் எவ்வளவு தூரம் நிழல் இறங்கும் என்று வந்துவிடும்.

விளிம்பு 5 செ.மீ. என்றால் நிழல் 8.7 செ.மீ. மூக்கோடு நின்றுவிடும்.
விளிம்பு 8 செ.மீ. என்றால் நிழல் 13.9 செ.மீ. உதட்டைத் தாண்டி இறங்கும்.

ஸ்டைலுக்காக 3 செ.மீ. வெட்டினால் 5 செ.மீ.-க்குமேல் வெயிலை அப்பா முகத்தில் நானே இறக்கிவிட்டதாக அர்த்தம். பிய்ந்த 1 செ.மீ.-ஐ மட்டும் வெட்டுவது என்று முடிவு செய்தேன்.

வெட்டுமுன் ஒரு எச்சரிக்கை. முடைந்த பொருளை நேரடியாகக் கத்தரித்தால் மொத்தமும் பிரிந்துகொண்டே போகும். பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு உட்புறம் நெருக்கமாக இரண்டு வரிசை தையல் ஓட்டிவிட்டு, அதன் பிறகுதான் வெட்டவேண்டும். தறியில் மீந்து வீட்டில் கிடந்த பட்டு நூலால் அம்மா தைத்துக் கொடுத்தார். உச்சியில் விழுந்த இரண்டு விரிசலையும் உள்பக்கம் மெல்லிய ஓலைக் கீற்றைச் செருகி, அதே நூலால் கட்டினோம்.

விளிம்பு தொங்காமல் இருக்க ஓரத்தில் ஒரு கம்பி வேண்டும். நம் சைட்டில் கிடைக்கும் கட்டுக்கம்பியை வைக்காதீர்கள். வியர்வையில் துருப்பிடித்து ஓலையில் கறை ஏறும். மோட்டார் காயில் சுற்றும் கடையில் எனாமல் பூசிய தாமிரக் கம்பியின் துண்டு கிடைக்கும். துருப்பிடிக்காது, வளைத்தபடி நிற்கும்.

படி 7: ஓரமும் கரையும்

கம்பியை மறைத்து ஓரம் தைக்கவேண்டும். அம்மாவிடம் ஒரு பருத்தித் துணியை நேராகக் கிழித்துக் கொடுத்தேன். "வளைவுக்கு நேர்த்துணி வராதுடா, சுருக்கம் விழும். கிராஸா வெட்டு" என்றார். ரவிக்கைக் கழுத்துக்குப் பைப்பிங் வைப்பவர்களுக்கு இது தெரியும். 45 டிகிரியில் வெட்டிய துணி பாவுக்கும் ஊடைக்கும் குறுக்காக இருப்பதால் இழுத்தால் கொடுக்கும், வளைவோடு படியும். நேராக வெட்டிய பட்டை கொடுக்காது.

அப்படியானால் நேர்ப்பட்டைக்குத் தொப்பியில் இடமே இல்லையா? உண்டு. உச்சியின் பக்கச் சுவர் கிட்டத்தட்ட உருளை. உருளையைச் சுற்ற நேர்ப்பட்டைதான் சரி. அங்கே எந்த ரிப்பன் கட்டலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அப்பா பரண்மேல் இருந்த தகரப்பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்தார். அரக்கு நிறத்தில், ஜரிகை போட்ட பட்டுக் கரை. எங்கள் தறியில் கடைசியாக ஓடிய பாவில், பிழை விழுந்து வெட்டி எடுத்த பாகமாம். ஐந்து வருஷமாக அந்தப் பெட்டியில் இருந்திருக்கிறது.

"வேணாம்ப்பா, அது உங்க தறியோட ஞாபகம்" என்றேன்.

"பெட்டிக்குள்ள கெடந்து யாருக்கு என்ன லாபம்? தைடா" என்றார்.

கத்தரிக்கோலை நான் தொடவில்லை. நூலின் ஓட்டம் பார்த்து அவரே வெட்டினார். பசை போட்டு ஒட்டாமல், நான்கு இடத்தில் மட்டும் தையல் போட்டுக் கட்டினோம். தொப்பியைத் திரும்பக் கஞ்சி போடும்போது கரையைக் கழற்றி வைத்துக்கொள்ளலாம் அல்லவா? ஜரிகையில் ஈரமும் வியர்வையும் தங்கினால் வெள்ளி கறுத்துவிடும். உட்புறம் பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வியர்வைப் பட்டை தைத்தோம். காற்றில் பறக்காமல் இருக்கத் தாடைக்கயிறும் வைத்தோம்.

பராமரிப்பு

உச்சியின் முன்பக்கத்தைக் கிள்ளித் தூக்காதீர்கள், ஓலை முதலில் உடைவது அங்கேதான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஆணியில் மாட்டாமல், கவிழ்த்த பாத்திரத்தின்மேல் வையுங்கள். வாரம் ஒருமுறை வியர்வைப் பட்டையைத் துடைத்துக் காயவையுங்கள். பஸ்ஸில் போகும்போது உள்ளே துணியை அடைத்து மடிமேல் வைத்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் நண்பர்களின் பைகள் இருக்கும்!

ஒரு முக்கியமான விஷயம். தொப்பி நிழல் தருமே தவிர, வெயில் நோயிலிருந்து முழுவதும் காப்பாற்றாது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்கவேண்டும், இடையிடையே நிழலில் உட்காரவேண்டும். வெயிலில் நின்ற ஒருவர் உடல் கொதித்து, பேச்சுக் குழறி, நிதானம் தவறினால் அது வெப்ப வாதம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சர்வே வகுப்பில் வெறுந்தலையோடு நிற்கும் நமக்கும் இது பொருந்தும்.

முடிவாக

முதல் நாள் அப்பா தொப்பியைப் போடக் கூச்சப்பட்டார். "இந்த வயசுல நான் என்ன வெள்ளைக்காரனா?" என்று பையில் மடக்கப் போனார். நான் பதறிப்போய்ப் பிடுங்கித் தலையில் வைத்தேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது தொப்பி தலையில்தான் இருந்தது. வேலூர் வேனில் வந்த ஒரு அம்மா கரையைப் பார்த்துவிட்டு "இது அசல் பட்டாச்சே, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாராம். "நான் நெஞ்சது" என்று சொன்னாராம். அதை எங்களிடம் மூன்று தடவை சொன்னார். இப்போது கூட வேலை செய்பவர் ஒருவரின் தொப்பியும் எங்கள் வீட்டுக் குண்டான்மேல் காய்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்தவன் நான். படித்தவன் என்பதால் வீட்டில் எனக்குத்தான் எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்தது. லிக்னின் என்ற பெயர் எனக்குத் தெரியும், நீள்வட்டக் கணக்கும் தெரியும். ஆனால் பிடிமானம் இல்லாமல் காயவைக்கக் கூடாது என்று அப்பாவுக்கும், கஞ்சி போடலாம் என்று ஆயாவுக்கும், கிராஸாக வெட்டவேண்டும் என்று அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. மூன்று பேரில் யாரும் பாலிடெக்னிக் வாசலைப் பார்த்ததில்லை. என் கணக்கும் அவர்கள் கைப்பக்குவமும் சேர்ந்த பிறகுதான் தொப்பி நிமிர்ந்தது.

தோழர்களே, அடுத்த வாரம் லேபில் ஒரு சோதனை புரியவில்லை என்றால், வீட்டுக்குப் போய் ஒருதடவை கேட்டுப் பாருங்கள். பதில் அடுப்பங்கரையிலோ தறிக்குழியிலோ இருக்கக்கூடும்.

— இரண்டாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை